ஒய் குரோமோசோம் பரிசோதனையா, சாதாரண ரத்தப் பரிசோதனையா? அறுபதைத் தொட்ட சேலத்து ஆண்களுக்கு

வயதான ஆண்களின் ரத்தத்திலிருந்து ஒய் குரோமோசோம் (ஆண்களிடம் மட்டும் இருக்கும், மரபணுக்களைச் சுமக்கும் இழை) காணாமல் போகிறது, போனால் ஆயுள் குறையும் என்று ஒரு செய்தி சில வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாட்ஸப்பில் வரும் வடிவத்தில் அது பாதி உண்மை. புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி வரை எந்தப் பக்கம் திரும்பினாலும் முழு உடல் பரிசோதனை விளம்பரம் கண்ணில் படுகிறது. இப்போது அதோடு 'உங்கள் உண்மையான வயது என்ன?' என்று கேட்டு ஆன்லைனில் விற்கும் பரிசோதனைகளும் சேர்ந்துவிட்டன. அம்மாபேட்டையில் இருக்கும் என் பெரியப்பா மகனுக்கு அறுபத்துநாலு வயது, வாலிபத்திலிருந்தே பீடி. அவர் போன் செய்து, "தம்பி, இந்த ஒய்யி போயிடுச்சான்னு பாக்குற டெஸ்ட் நம்மூர்ல எங்க எடுக்கறாங்க?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. கல்லூரியில் விலங்கியல் எடுத்து ஓய்வு பெற்றவன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த விஷயத்தில் கண்டுபிடிப்பு பெரியது, பரிசோதனை இப்போதைக்குச் சிறியது. ரத்த அணுக்களின் எண்ணிக்கையில் சந்தேகம் இல்லாத ஓர் ஆண், ஒய் இழப்பைத் தெரிந்துகொள்வதற்காகத் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தொலைவது எப்படி

மனித செல்லில் 46 குரோமோசோம்கள் என்பதே 1956இல்தான் உறுதியானது. ஸ்வீடனில் லுண்ட் நகரில் ட்ஜியோ, லெவன் என்ற இருவர் எண்ணிச் சொன்னார்கள். அதுவரை பாடப்புத்தகங்களில் 48 என்றுதான் இருந்தது. ஏழே வருடம் கழித்து, 1963இல், எடின்பரோவில் பட்ரீஷியா ஜேக்கப்ஸும் சகாக்களும் இன்னொன்றைக் கவனித்தார்கள். வயது ஏற ஏற, ரத்தத்தில் 45 குரோமோசோம் மட்டும் உள்ள செல்கள் கூடுகின்றன. அது கூடும் விதம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறாக இருக்கிறது. ஆண்களிடம் குறைவது பெரும்பாலும் ஒய், பெண்களிடம் எக்ஸ். அப்புறம் ஐம்பது வருடம் இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வயதானால் வரும், வந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் பொதுக் கருத்து.

சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, அதனால் ரத்தத்தில் குரோமோசோம் என்று நாம் பேசுவதெல்லாம் வெள்ளையணுக்களைப் பற்றித்தான். அவை எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்களிலிருந்து பிறக்கின்றன. அந்த ஸ்டெம் செல் இரண்டாகப் பிரியும்போது, எப்போதாவது ஒரு தடவை ஒய் குரோமோசோம் சரியான பக்கத்துக்கு இழுபடாமல் விடுபட்டுவிடும். வேறு எண்கொண்ட குரோமோசோம், ஏழோ பதினேழோ, முழுதாக விடுபட்டால் அந்த செல் பெரும்பாலும் பிழைக்காது. ஒய் விடுபட்டால் பிழைத்துக்கொள்ளும். மனிதர்களில் பாதிப் பேர் ஒய் இல்லாமலேயே வாழ்கிறார்களே! செவ்வாய்ப்பேட்டைக் கொலுசில் ஒரு மணி கழன்று விழுந்தால் கொலுசு அறுந்துவிடுவதில்லை, ஓசைதான் மாறுகிறது. ஒய் இழந்த செல்லும் அப்படித்தான்.

அந்த ஒரு ஸ்டெம் செல்லின் வாரிசுகள் எல்லாமே ஒய் இல்லாதவை. பக்கத்து ஸ்டெம் செல்களைவிட அது கொஞ்சம் வேகமாகப் பெருகினால் போதும், பத்து இருபது வருடத்தில் வெள்ளையணுக்களில் கணிசமான பங்கு அதன் குடும்பமாகிவிடும். பிரிட்டனின் யுகே பயோபேங்க் தொகுப்பில் 2,05,011 ஆண்களின் தரவை அலசி 2019இல் வெளியான ஆய்வு, ஐந்தில் ஒருவருக்கு இந்த இழப்பு தென்படும் அளவில் இருப்பதாகச் சொன்னது. எழுபது வயதுக்காரர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 40 சதவீதம். அதாவது, எழுபது வயது ஆண் ஒருவர் பரிசோதனைக்குப் போனால் 'இழப்பு இருக்கிறது' என்று வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் இரண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை வாங்கலாமா என்ற கேள்வியில் இது முக்கியம்.

ஒய் குரோமோசோம் சின்னதுதான். முழு வரிசையும் 2023இல்தான் படித்து முடிக்கப்பட்டது: சுமார் 6.2 கோடி டிஎன்ஏ எழுத்துகள், புரதம் செய்யும் மரபணுக்கள் 106. அதில் விந்தணு சம்பந்தப்பட்டவை நிறைய. ஆனால் யுடிஒய், கேடிஎம்5டி போன்ற சில, எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துபவை. வெள்ளையணுவில் இவை இல்லாமல் போனால் நோய் எதிர்ப்பு வேலை கொஞ்சம் திசை மாறுகிறது.

அடையாளமா, காரணமா?

2014இல் ஸ்வீடனின் உப்சாலா நகரில் 1,153 முதியவர்களை வைத்து வந்த ஆய்வுதான் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. கணிசமான பங்கு செல்களில் ஒய் இழந்திருந்தவர்கள், இழக்காதவர்களைவிட இடைநிலைக் கணக்கில் 5.5 வருடம் முன்னதாக இறந்திருந்தார்கள். புற்றுநோய் மரணமும் அவர்களிடம் கூடுதல். வாட்ஸப் செய்தியின் மூலம் இதுதான். ஆனால் பிற்பாடு பெரிய தொகுப்புகளில் பார்த்தபோது, தொடர்பு இருக்கிறது, முதலில் தெரிந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. சின்ன ஆய்வில் பெரிதாகத் தெரிவது பெரிய ஆய்வில் சுருங்குவது இந்தத் துறையில் வழக்கம்தான்.

சரி, ஒய் போவதால் உடம்பு கெடுகிறதா, இல்லை உடம்பு கெடுவதன் வெளி அடையாளம்தான் ஒய் இழப்பா? இரண்டு பக்கமும் வலுவான சாட்சி இருக்கிறது. 2019 ஆய்வு, ஒய் இழக்கும் போக்கைக் கூட்டும் 156 மரபணு இடங்களைக் கண்டுபிடித்தது. பல இடங்கள் செல் பிரிவதையும் டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்வதையும் கவனிக்கும் மரபணுக்களின் பக்கத்தில் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், இந்த மரபணு வேறுபாடுகள் ஒய்யே இல்லாத பெண்களின் ஆரோக்கியத்தோடும் தொடர்புகொண்டிருந்தன. அப்படியானால் ஒய் இழப்பு என்பது, உடம்பு முழுக்க செல் பிரிவதில் கவனம் தளர்கிறது என்பதற்கு ரத்தத்தில் தெரியும் ஓர் அடையாளம்.

மறுபக்கம், 2022இல் கென்னத் வால்ஷ் குழுவினர் அமெரிக்காவில் எலிகளிடம் செய்த சோதனை. மஜ்ஜை செல்களிலிருந்து ஒய்யை மட்டும் நீக்கி, அந்த மஜ்ஜையை எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஒய் இல்லாத வெள்ளையணுக்கள் இதயத்துக்குள் போய் அங்கே தழும்புத் திசு வளரத் தூண்டின, இதயம் விறைத்தது, எலிகள் சீக்கிரம் செத்தன. அந்தத் தூண்டுதலுக்குக் காரணமான டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையை எதிர்ப்பொருள் கொடுத்துத் தடுத்தபோது இதயம் தேறியது. அதே ஆய்வில் மனிதத் தரவையும் பார்த்தார்கள்: 40 சதவீதத்துக்கு மேல் வெள்ளையணுக்களில் ஒய் இழந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோயால் மரணம் 31 சதவீதம் கூடுதல்.

என் கணிப்பு, இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் எலிக்குக் கொடுத்த அந்த எதிர்ப்பொருளை, ஒய் இழந்த மனிதருக்கு எழுதித் தரும் மருத்துவர் இன்று யாரும் இல்லை. போன ஒய்யைத் திரும்பக் கொண்டுவரும் மாத்திரையும் இல்லை. அப்படி ஏதாவது லேகியமோ கேப்ஸ்யூலோ யாராவது விற்றால், அந்தக் கடையை விட்டு இறங்கி நடக்கலாம்.

மனிதன் கையில் இருக்கும் ஒரே சாவி, 2015இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில் இருக்கிறது. மூன்று தொகுப்புகள், மொத்தம் 6,014 ஆண்கள். புகைப்பவர்களிடம் ஒய் இழப்பு, தொகுப்பைப் பொறுத்து, 2.4 மடங்கிலிருந்து 4.3 மடங்கு வரை கூடுதலாகத் தெரிந்தது. அதிகம் புகைத்தால் அதிக இழப்பு. அதைவிட முக்கியமானது, விட்டுவிட்டவர்களின் ரத்தம் புகைக்காதவர்களின் ரத்தத்தை ஒத்திருந்தது. வயதைக் குறைக்க முடியாது, பிறவி மரபணுவை மாற்ற முடியாது, புகையை நிறுத்த முடியும். அந்த ஆய்வு சிகரெட் பற்றியது. பீடிக்குத் தப்பிக்கும் வழி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், பீடிப் புகையில் தாரும் நிகோட்டினும் சிகரெட்டைவிடக் கூடுதல்தான்.

கையில் உள்ள வழிகள்

நம்மூரில் 'குரோமோசோம் டெஸ்ட்' என்றால் கேரியோடைப். குழந்தையின்மை சிகிச்சைக்கும், அடுத்தடுத்து கரு கலைந்த தம்பதிகளுக்கும் எழுதித் தருவது இதுதான். சில ஆயிரம் ரூபாய் ஆகும். பச்சை மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள், அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் இருக்கும். செல் உயிரோடு போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் ஆய்வகத்தில் அதைச் சுமார் மூன்று நாள் வளர்த்து, பிரியும் நேரத்தில் நிறுத்தி, சாயம் போட்டு எண்ணுவார்கள். மாதிரி வெளியூர் ஆய்வகத்துக்குப் போவதாக இருந்தால், சித்திரை வெயிலில் சேலத்திலிருந்து கூரியரில் போகும் குழாய் எந்த நிலையில் போய்ச் சேரும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. செல் வளரவில்லை, மறுபடி ரத்தம் கொடுங்கள் என்று வருவது உண்டு.

ஒய் இழப்பை அளப்பதற்கு இது தோதான கருவி இல்லை, இரண்டு காரணங்களால். ஒன்று, எண்ணுவது பெரும்பாலும் 20 செல். இருபதில் ஒன்றுகூட ஒய் இழக்காமல் இருந்தால், இழப்பு 14 சதவீதத்துக்குக் கீழே என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம், அவ்வளவுதான். 10 சதவீதம் வரை இறங்க 29 செல் எண்ண வேண்டும். இன்னொரு காரணம் கொஞ்சம் நுணுக்கமானது. ரத்த கேரியோடைப்பில் செல்களைப் பிரியத் தூண்டப் போடும் பிஹெச்ஏ என்ற பொருள், டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளையணுக்களைத்தான் வளர்க்கும். ஒய் இழப்போ, மோனோசைட், நியூட்ரோஃபில் போன்ற மஜ்ஜை வழி வெள்ளையணுக்களில்தான் கூடுதலாக இருக்கிறது. டி செல்களில் குறைவு. தேட வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் தேடுகிறோம். அதனால் கேரியோடைப் 'இயல்பு' என்று வந்தால் இழப்பே இல்லை என்று அர்த்தமாகாது.

மஜ்ஜையிலிருந்து எடுக்கும் கேரியோடைப் வேறு கதை. ஹீமோகுளோபினோ தட்டணுவோ காரணம் தெரியாமல் குறைந்தால் ரத்தநோய் நிபுணர் அதைச் செய்யச் சொல்வார். அங்கே ஒய் இழப்பு மட்டும் தென்பட்டால், மைலோடிஸ்பிளாசியா (மஜ்ஜை ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத நோய்) நோயாளிகளுக்கு ஆபத்தைக் கணிக்கும் ஐபிஎஸ்எஸ்-ஆர் மதிப்பீட்டில் அது 'மிக நல்லது' என்ற வகையில் போகிறது. மற்ற குரோமோசோம் கோளாறுகளோடு ஒப்பிட்டால் இது ஆபத்துக் குறைந்தது என்பது நிபுணர்களின் பல வருட அனுபவம். 'ஒய் போயிருச்சு' என்ற வரியைப் பார்த்து வீட்டில் அழும்முன் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

அடுத்தது ஃபிஷ். எக்ஸுக்கு ஒரு நிறம், ஒய்க்கு ஒரு நிறம் என்று ஒளிரும் சாயம் கட்டி, 200 செல்லோ அதற்கு மேலோ எண்ணுவது. செல் பிரிய வேண்டிய அவசியமில்லை, எண்ணிக்கையும் நம்பகமானது. ஆணுக்குப் பெண்ணின் மஜ்ஜையோ, பெண்ணுக்கு ஆணின் மஜ்ஜையோ மாற்றிப் பொருத்திய பிறகு, யாருடைய செல் எவ்வளவு என்று பார்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு அருமையான பரிசோதனை.

ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துவது டிஎன்ஏ வழி. ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் போதும். ஒரு முறை எஸ்என்பி அரே என்ற டிஎன்ஏ சிப். ஒய்யின் சமிக்ஞை எவ்வளவு மங்கியிருக்கிறது என்று பார்ப்பது. இன்னொன்று டிடிபிசிஆர் என்ற, டிஎன்ஏ பிரதிகளை எண்ணும் முறை: பல் எனாமல் செய்யும் அமெலோஜெனின் மரபணு எக்ஸிலும் ஒய்யிலும் ஒவ்வொரு பிரதி இருப்பதால், இரண்டையும் எண்ணி விகிதம் எடுப்பது. ஆணுக்கு இயல்பாக ஒன்றுக்கு ஒன்று. 30 சதவீத செல்லில் ஒய் போயிருந்தால் ஒன்றுக்கு 0.7. மூன்று வழிகளில் இதுவே துல்லியம், சந்தேகமில்லை. சிக்கல் அதற்கு அப்புறம்தான். எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும் என்பதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஓர் ஆய்வு ஒரு எல்லையை எடுத்தது, இன்னொன்று 40 என்றது. சர்க்கரைக்கு எச்பிஏ1சி 6.5 என்று ஊருக்கே தெரிந்த கோடு மாதிரி ஒன்று இங்கே போடப்படவில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை அளந்து கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதற்கும் மருத்துவ வழிகாட்டுதல் எதுவும் இல்லை.

ஆன்லைனில் விற்கும் 'வயது' பரிசோதனைகளை வேகமாகத் தாண்டிவிடலாம். டெலோமியர் (குரோமோசோமின் முனைப் பகுதி) நீளம்: 2009 நோபல் பரிசு வாங்கித் தந்த அருமையான உயிரியல். ஆனால் ஒரே வயதுள்ள இருவருக்கிடையே நீளம் அவ்வளவு மாறுகிறது, ஒரு தனி மனிதரின் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. டிஎன்ஏ மெத்திலேற்றக் கடிகாரம், அதாவது டிஎன்ஏவின் மேல் ஒட்டும் வேதி அடையாளங்களை வைத்து வயதைக் கணிப்பது: 2013இல் ஸ்டீவ் ஹோர்வாத் 353 இடங்களை வைத்துச் செய்தது, வயதை நாலு வருடத்துக்குள் கணிக்கும் அளவுக்குக் கெட்டி. ஆராய்ச்சிக்கு அற்புதம். ஆனால் 'உங்கள் வயது 64, ரத்தத்தின் வயது 68' என்று ஒரு தாள் வந்தால் அண்ணன் அதை வைத்து என்ன செய்வார்? பிறந்த தேதி ஆதாரிலேயே இருக்கிறது.

அடுத்து, யாரும் விளம்பரம் செய்யாத வழி. சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), ரத்த அழுத்தம், எச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தேவைப்பட்டால் ஈசிஜி. இவற்றில் ஒவ்வொரு எண்ணுக்கும் எல்லை இருக்கிறது, எல்லை தாண்டினால் செய்ய வேண்டியது இருக்கிறது, செய்தால் பலன் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ஒய் இழப்பு இதயத்தைத்தான் கெடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த 31 சதவீதத்தைக் கேட்டுப் பயப்படுபவர், கட்டுப்பாடில்லாத ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதைவிடப் பல மடங்கு செய்யும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதற்கு அரசுப் பக்கமே வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். மீதிக்கு ஆரம்ப சுகாதார நிலையமோ, மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ போதும்.

பீடி பிடிப்பவருக்கு

புகைப்பவர் விஷயத்தில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. 'ஒய் போச்சுன்னு கண்ணால பாத்தா பயந்து விட்டுடுவாரு இல்ல?' என்று அண்ணி கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் எனக்கு மறுபக்கம் பயம். அறுபத்துநாலு வயதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 'இழப்பு இல்லை' என்றுதான் வரும். வாலிபத்திலிருந்து பீடி பிடித்தவர் கையில் 'குரோமோசோம் இயல்பு' என்று ஒரு ரிப்போர்ட் கொடுத்தால், அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு அடுத்த கட்டை வாங்கப் போவார். ஒய் தப்பியவருக்கு நுரையீரல் தப்பியது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பயமுறுத்தியே ஆக வேண்டும் என்றால் அதற்கு மலிவான, சோதித்துப் பார்த்த கருவி ஒன்று இருக்கிறது: ஸ்பைரோமெட்ரி. குழாயில் பலமாக ஊதச் சொல்லி, நுரையீரலின் வேகத்தை அளப்பது. சேலத்தில் நெஞ்சுநோய் மருத்துவரிடம் சாதாரணமாகக் கிடைப்பது. இங்கிலாந்தில் 35 வயதுக்கு மேற்பட்ட 561 புகைப்பவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்த எண்ணை 'நுரையீரல் வயது' என்று மாற்றிச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு வெறும் எண்ணாகவே சொன்னார்கள். 2008இல் வெளியான முடிவு: ஒரு வருடம் கழித்து விட்டிருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 13.6 சதவீதம், மற்றதில் 6.4. இரண்டு மடங்குக்கு மேல். ரத்தத்தின் வயதை வாங்குவதைவிட நுரையீரலின் வயதை வாங்குவது லாபம். விட முடிவு செய்தால் 1800-112-356 என்ற தேசியப் புகையிலை விடுதலை எண் இலவசம். இரண்டு மில்லிகிராம் நிகோட்டின் கம் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும்.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப டெஸ்டு வேண்டாம், பீடிய விடணும்ங்கற. டெஸ்டே தேவலயேடா" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஸ்பைரோமெட்ரிக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார்.

65 வயதைத் தாண்டி, வாழ்க்கையில் எப்போதேனும் புகைப் பழக்கம் இருந்தவராக இருந்தால் இன்னொன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள்: வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை ஸ்கேன். 65 முதல் 75 வரையான, புகைத்த பழக்கம் உள்ள ஆண்களுக்கு அமெரிக்க வழிகாட்டுதல் இதைப் பரிந்துரைக்கிறது. ஒய் பரிசோதனைக்கு அப்படி யாரும் பரிந்துரைக்கவில்லை.

பெண்களும் குடும்பமும்

இதெல்லாம் ஆண்கள் சமாச்சாரம் என்று பெண்கள் தாண்டிப் போக வேண்டாம். 8,83,574 பெண்களின் தரவை வைத்து 2024இல் வந்த ஆய்வில், 12 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் ஓர் எக்ஸ் இழந்த செல்கள் தென்பட்டன. தொலைவது பெரும்பாலும் செல்லில் ஏற்கெனவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும் எக்ஸ்தான், அதனால் விளைவு மென்மையானது. சில ரத்தப் புற்றுநோய்களோடும் நிமோனியாவோடும் தொடர்பு தெரிந்திருக்கிறது. நடைமுறையில் இது வேறு இடத்தில் குழப்பும். கரு தங்காததற்காக கேரியோடைப் எடுத்த முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு, முப்பது செல்லில் இரண்டில் ஒரு எக்ஸ் குறைவு என்று ரிப்போர்ட் வரலாம். உடனே கூகுளில் தேடி 'டர்னர் நோய்' (பிறவியிலேயே ஓர் எக்ஸ் குறைவாக இருக்கும் நிலை) என்று பயந்துவிடுகிறார்கள். வயதோடு வரும் இழப்பாகவே அது இருக்க வாய்ப்பு அதிகம். மரபியல் ஆலோசகரிடம் கேட்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

பேரனுக்கு வருமா என்ற கேள்வி கட்டாயம் வரும். வராது. தாத்தாவின் மஜ்ஜையில் நடந்தது மஜ்ஜையோடு நின்றுவிடும். விந்தணு வழியாகப் போகாது. சேர்வராயன் மலை மேலே இருப்பவர்கள் இதையும் அரிவாள் செல் பரிசோதனையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அரிவாள் செல் பிறவியிலேயே பெற்றோரிடமிருந்து வரும் ஹீமோகுளோபின் மாற்றம், எல்லா செல்லிலும் இருப்பது, பிள்ளைகளுக்குப் போவது. 2023இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களுக்கு அதை அரசே பார்க்கிறது. ஏற்காடு பக்கத்து ஊர்களுக்கு முகாம் வந்தால், 'குரோமோசோம் டெஸ்ட் தேவையில்லைன்னு எழுதியிருந்தாங்க' என்று அதைத் தவறவிட வேண்டாம். அது தேவை.

ரிப்போர்ட் ஏற்கெனவே கையில் இருந்தால்

வேறு காரணத்துக்காக எடுத்த பரிசோதனையில் ஒய் இழப்பு என்று தற்செயலாக வந்திருந்தால், முதலில் பாருங்கள்: எடுத்தது ரத்தமா மஜ்ஜையா, எத்தனை செல் எண்ணினார்கள், அதில் எத்தனையில் இல்லை. ஒய் மட்டும்தான் குறைகிறதா, கூடவே வேறு குரோமோசோமிலும் மாற்றம் இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். வேறு மாற்றம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். அப்புறம் ஒரு சிபிசி. அது இயல்பாக இருந்து, ஒய் மட்டும் குறைந்திருந்தால், உங்கள் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு, வருடாந்திரப் பரிசோதனையோடு சிபிசியைத் தொடருங்கள். ஹீமோகுளோபின், வெள்ளையணு, தட்டணு மூன்றில் ஏதாவது காரணம் தெரியாமல் குறைந்திருந்தால் ரத்தநோய் நிபுணரிடம் போங்கள். போகும்போது வீட்டில் கிடக்கும் பழைய சிபிசி தாள்களையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், எப்போதிலிருந்து குறைகிறது என்று அவர் கட்டாயம் கேட்பார்.